அரை டாக்டரின் யோசனை

தெருமுனை மருந்துக்கடைக்காரருக்கு அரை டாக்டர் என்று பேர். தெருக்காரர்கள் கேலிக்கு வைத்தது. அந்த மனுஷனோ அதைப் பட்டமாகத் தலையில் சூட்டிக்கொண்டு, சளியிலிருந்து சர்க்கரை வரை சகலத்துக்கும் யோசனை சொல்லிவந்தார்.

தையற்காரி அந்தக் கடைமுன் வந்து நின்றாள். பிள்ளைத்தாச்சியான தங்கை ஆஸ்பத்திரியில் ரத்தப்போக்கு நிற்காமல், பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறாள். என்ன மாத்திரை சாப்பிட்டாள் என்று டாக்டரம்மா கேட்டதற்குத் தங்கை புருஷன் சத்து மாத்திரை என்று கூசாமல் புளுகினான். சட்டையைப் பிடித்து உலுக்கியதில் கடை எது என்பது வந்தது; மாத்திரையின் பேர் அவனுக்கே தெரியவில்லை. பழுப்பு உறையில் பேரில்லாத மாத்திரைகள். அட்டையையும் உள்ளே இருந்த விளக்கத்தாளையும் கடையிலேயே உருவிவிட்டார்களாம்.

அரை டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சத்து மாத்திரைதான் கொடுத்ததாகச் சாதித்தார். வியாபார நேரத்தில் வம்பு வளர்க்க வேண்டாம் என்றார். வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

கெஞ்சினால் வேலைக்காகாது என்று அவளுக்குப் புரிந்தது. ஆளின் பலவீனம் தெருவுக்கே தெரியும். கைப்பேசியை முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

"உங்களுக்கு மருந்தைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாதாம். கலைக்கிற மாத்திரையை மொத்தமா ஒரே வேளையில முழுங்கச் சொன்னீங்களாம். வாங்கிட்டுப் போனவரே சொல்றாரு."

அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"யாருக்குத் தெரியாது? முதல்ல ஒண்ணு, மிச்சத்தை ஒரு நாள் விட்டுக் குடுன்னு கிளிப்பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னேன். ரத்தம் எவ்வளவு போனாலும் பயப்படாதே, ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு ஓடாதேன்னும் சொல்லித்தான் அனுப்பினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. தையற்காரி கைப்பேசியைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"கேட்டுச்சா டாக்டரம்மா?"

மாத்திரையின் பேரைக் கேள் என்றது அந்தப் பக்கத்துக் குரல். கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இனி மறைத்து என்ன பிரயோஜனம்? பேரைச் சொன்னார், பாதிக் குரலில். டாக்டரம்மா இணைப்பைத் துண்டித்தார்.

அவள் திரும்பி நடந்தாள். பின்னாலிருந்து அந்த ஆள், பணம் வாங்கிக் கல்லாவில் போட்டபோது கேட்காததைக் கேட்டார்.

"எத்தனை மாசம்மா?"

"அஞ்சு முடியப்போகுது."

அவர் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.