பாரத்துக்கு நாலு புடவை

பழைய வாஷிங் மிஷின் பார்க்கப் போகும்போது இளையபெருமாள் கையில் எது இருக்கிறதோ இல்லையோ, துணி மூட்டை ஒன்று இருக்கும். அரியலூரில் பஸ் ஏறி எந்த ஊருக்குப் போனாலும் சரி, ஓட்டிப் பார்க்காமல் அவர் ஒரு மிஷினையும் வாங்கியதில்லை. தண்ணீரை மட்டும் விட்டுச் சுற்றிக் காட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். "வெறுந்தொட்டி எல்லாமே நல்லாத்தாங்க சுத்தும். பாரம் ஏறுனாத்தான் பேரிங்கு கத்தும்" என்பார். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்டு ஆலையில் பிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரிடம் யாரும் வாதாடிப் பார்த்ததில்லை.

ஆனால் பாரத்துக்கு அவர் எங்கே போவார்? ஒண்டிக்கட்டை. ஒரு வாரத்துத் துணியை மொத்தமாகப் போட்டாலும் தொட்டியின் அடி மறையாது. அதனால் பீரோவைத் திறந்து பாப்பாத்தியின் புடவைகளில் நாலை எடுத்து மூட்டையோடு கட்டிக்கொள்வார். பாப்பாத்தி அவர் மனைவி. இறந்து இரண்டு வருஷமாகிறது.

முதல் தடவை இப்படிச் செய்தபோது அவர் ஒன்றை யோசிக்கவில்லை. பெரம்பலூரில் ஒரு வாத்தியார் வீட்டு மிஷினை ஓட்டிப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தார். ஈரப் புடவையை முகத்தருகே கொண்டுபோனார். சோப்புத்தூள் வாசனை வந்தது. அது மட்டும்தான் வந்தது. மஞ்சளும் விளக்கெண்ணெயும் கலந்த அவள் வாசனை, அத்தனை நாள் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது, போயே போய்விட்டது. அவ்வளவு ஜனம் நடமாடுகிற இடத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அறிவு கெட்ட மனுஷன். காலமெல்லாம் மிஷின்களோடு கிடந்தவருக்கு, மிஷின் துவைக்கும் என்பது தெரியாமல் போயிற்று.

சரி, அதற்குப் பிறகாவது புடவைகளை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கலாமே என்றால், அங்கேதான் இருக்கிறது விஷயம். அந்த வாத்தியார் மனைவி தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா வரலீங்களா?" என்று கேட்டிருந்தாள்.

"வூட்டுல இருக்கா" என்று இளையபெருமாள் வாயில் வந்துவிட்டது. "முழங்கால் வலி. பஸ்ஸுல ஏற முடியல" என்று அடுத்ததும் தானாக வந்தது.

அன்றிலிருந்து போகிற இடமெல்லாம் இதே கதைதான். ஒரு வீட்டில் பாப்பாத்திக்கு முழங்கால் வலி. இன்னொரு வீட்டில் அவள் தங்கச்சி மகள் வளைகாப்புக்குப் போயிருந்தாள். வேறொரு வீட்டில், நல்ல காபி போடுவாள் என்று பெருமை பேசிவிட்டு வந்தார். துணி சுற்றுகிற நேரம் முழுக்க அவள் உயிரோடு இருந்தாள். துணி நின்றதும் இவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு, யாருமில்லாத வீட்டுக்குத் திரும்பி வருவார்.

வீட்டில் ஆளில்லையே தவிர மிஷின்கள் இருந்தன. கூடத்தில் சுவரை ஒட்டி வரிசையாக ஒன்பது. எல்லாம் பழசு, எல்லாம் ஓடும். வாங்கியதில் ஒன்றைக்கூட அவர் விற்றதில்லை. "என்ன பெருமாளு, லாண்டரி வைக்கப் போறியா?" என்று தெருவில் கேலி பேசினார்கள். அவருக்குக் கோபம் வராது. ஊர் சிரிக்கட்டும் என்றுதான் இருந்தார். ஏனென்றால் முன்பு ஊர் சிரிக்கும் என்று பயந்துதான் எல்லாம் கெட்டது.

காக்கிச் சட்டையில் படிந்து வரும் சிமெண்டுத் தூசி தண்ணீர் பட்டால் கையைத் தின்றுவிடும். பாப்பாத்திக்கு விரல் இடுக்கெல்லாம் எப்போதும் வெடிப்பு. குழம்புச் சோறு பிசையும்போது காரம் பட்டு உஸ் என்பாள். ஆபீசர் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் மிஷினைப் பார்த்துவிட்டு வந்தவள், ஒரு நாள், ஒரே ஒரு நாள், கேட்டாள். "ரெண்டு பேருக்கு எதுக்குடி மிஷினு? ஊரு சிரிக்கும்" என்று சொல்லிவிட்டார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்கிற ரகமும் இல்லை. அவள் போய்ச் சேர்ந்த பிறகு, ஆலைக்குப் போவதும் நின்ற பிறகு, இவர் மிஷின் வாங்க ஆரம்பித்தார். வாங்கி என்ன செய்ய? அவருக்கே தெரியாது.

பெரம்பலூரில் இலியாஸ் என்று ஒருவர், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய சாமான்களை வாங்கி விற்கிறவர். நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் அவர் போன் பண்ணினார்.

"அண்ணே, லப்பைக்குடிகாட்டுல மீரான் பாய் வூட்டுல குவைத்து மிஷின் ஒண்ணு கெடக்கு. ஜோடி. ஒண்ணு தொவைக்கும், இன்னொண்ணு காய வைக்கும்."

"காய வைக்கிறதுன்னா? புழியறதுதான?"

"புழியறது இல்லண்ணே. உள்ள சூட்டுக் காத்து அடிச்சு மொறுமொறுன்னு எடுத்துக் குடுத்துரும். நம்மூரு வெயிலுக்கு அது யாருக்கு வேணும்? அதான் கெடக்கு. இந்த மழையில நீங்க போயிப் பாருங்க."

கார்த்திகை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இளையபெருமாள் மூட்டையைப் பாலிதீன் பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூரில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார்.

பெரிய வீடு. குவைத்திலிருந்து ஒரேயடியாக வந்துவிட்ட மீரான் பாய் கூடத்தில் சாய்வு நாற்காலியில் இருந்தார். சர்க்கரை வியாதியில் கண் மங்கிப்போய், அதிகம் பேசாத மனிதர். பேச்செல்லாம் அவர் மனைவி நஜ்முன்னிசாதான், அதுவும் உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து. இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்து இரண்டு பேரும் துபாயில் இருந்தார்கள். அந்தப் பெரிய வீட்டில் இவர்கள் இருவரும் மட்டும்.

பின்கட்டில் மிஷின் இரண்டும் அக்கம்பக்கமாக நின்றன. பழைய பெட்ஷீட்டைத் தைத்து உறை போட்டு வைத்திருந்தாள் நஜ்முன்னிசா. உறையை எடுத்துவிட்டு இளையபெருமாள் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, மூலையில்கூடத் துரு இல்லை. முன்பக்கம் வட்டமாகக் கண்ணாடிக் கதவு. அவரிடம் இருந்த ஒன்பதிலும் மேலே மூடிதான். உள்ளே போட்டால் ஒன்றும் தெரியாது. இதில் உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்தார். பாப்பாத்தியின் கத்தரிப்பூ நிறச் சுங்குடி கண்ணாடிக்கு வந்தது, மறைந்தது, திரும்ப வந்தது. பேரிங் சத்தம் கேட்கத்தான் வந்திருந்தார். அதைக் கேட்கவே மறந்துவிட்டார்.

"அக்கா புடவைங்களா? நல்ல கலரு" என்றாள் நஜ்முன்னிசா திரைக்குப் பின்னாலிருந்து. "அவங்க நல்லா இருக்காங்களா?"

"இருக்காம்மா. நல்லா இருக்கா."

துவைத்து முடிந்தது. காய வைக்கிற மிஷினைப் போட்டால் லைட்டெல்லாம் மங்கிப்போனது. மழையில் வோல்டேஜ் இறங்கிக் கிடந்தது. இன்னொரு நாள் வந்து ஓட்டிப் பார்க்கிறேன் என்று இளையபெருமாள் ஈர மூட்டையைக் கட்டினார். எப்படியும் வாங்கிவிடுவது என்று மனதுக்குள் முடிவாகியிருந்தது. இது பாப்பாத்தி பார்க்க வேண்டிய மிஷின்.

அப்போதுதான் நஜ்முன்னிசா அதைச் சொன்னாள்.

"அண்ணே, வர்றப்ப அக்காவக் கூட்டிட்டு வாங்க. எம் புள்ளைங்க துணி பூரா தொவைச்ச மிஷினு. வெலை எனக்குப் பெருசு இல்ல. கை வைக்கப் போறவங்க கையில நான் சொல்லிக் குடுத்து ஒப்படைக்கணும். அக்கா வந்தாத்தான் குடுப்பேன்."

மீரான் பாய் சிரித்தார். "அவ ஒரு தடவ சொல்லிட்டா அவ்வளவுதாங்க."

அந்த வாரம் இளையபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் செத்துப்போனாள் என்று சொன்னால் மிஷின் வராது. மிஷின்கூடப் பிறகு. அந்த வீட்டில் இனி பாப்பாத்தி நன்றாக இருக்க முடியாது, அதுதான் தாங்கவில்லை. எவளையாவது கூட்டிப்போய் இவள்தான் என்று காட்டலாமா என்றுகூட ஒரு நிமிஷம் புத்தி போனது. த்தூ என்று தன்னையே திட்டிக்கொண்டார். கடைசியில் பழைய வழியையே பிடித்துக்கொண்டு போனார்.

"அவளுக்குக் காய்ச்சலும்மா. எந்திரிக்க முடியல."

"அப்படிங்களா" என்று திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல் சுருங்கிப்போயிருந்தது. "இன்னிக்கு வருவாங்கன்னு ரவையும் நெய்யும் போட்டுத் தம்ரூட்டு கிண்டுனேன். இந்த வூட்டுக்குப் பொம்பளையாளு யாரும் வந்து உக்காந்து பேசி ரொம்ப நாளாச்சு. சரி, ஒடம்புக்கு முடியலன்னா என்ன செய்யறது. ஒரு டப்பாவுல போட்டுத் தரேன், கொண்டுபோயிக் குடுங்க."

இளையபெருமாளுக்கு உடம்பு கூசியது. ஊரில் நனைத்துப் பிழிந்து எடுத்து வந்த புடவைகளை இரண்டாவது மிஷினில் போட்டார். அன்றைக்கு வோல்டேஜ் இருந்தது. மிஷின் உறுமாமல் ஓடியது. அவர் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மிஷின் நின்றபோது நஜ்முன்னிசாவே வெளியே வந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கதவைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி மடித்தாள். பெண்கள் மடிக்கிற மடிப்பு, ஓரத்துக்கு ஓரம் பிசகாமல். அந்த வீட்டில் வேறு யாருக்கு இப்படி மடித்துக்கொடுக்கப் போகிறாள்? மடித்து முடித்துக் கத்தரிப்பூச் சுங்குடியை அவர் கையில் வைத்தாள். "இந்தாங்கண்ணே. சூடா இருக்கு பாருங்க."

வெயிலில் காய்ந்த புடவையை அவர் எத்தனையோ தடவை தொட்டிருக்கிறார். அது வெயில் சூடு. இது அப்படி இல்லை. இதமாக, மடிப்புக்குள் ஆழமாக இருந்தது. உடுத்தியிருந்தவள் இப்போதுதான் அவிழ்த்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனது மாதிரி இருந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ இல்லம்மா" என்றார். "செத்துப்போயி ரெண்டு வருசமாச்சு."

இந்த வார்த்தையை அவர் வெளியாள் யாரிடமும் சொன்னதில்லை.

"இன்னாலில்லாஹி" என்று கூடத்திலிருந்து மீரான் பாய் முணுமுணுத்தது கேட்டது.

நஜ்முன்னிசாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வராமல் என்ன? "போன வாரம் கேட்டப்ப நல்லா இருக்காங்கன்னு சொன்னீங்களே! நான் எத்தனை ஆசையா…"

"நீங்க கேட்டப்ப இருந்தாம்மா" என்றார் இளையபெருமாள். "நெசமாச் சொல்றேன். யாராவது கேட்டா இருக்கா. எங்க ஊருல அவளப் பத்தி யாரும் கேக்குறதில்ல. அதுக்குத்தான் ஊரூராப் போறேன்."

அவள் மிச்சப் புடவைகளை அடுக்கினாள். அடுக்கும்போது ஒரு புடவையின் கரையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"வூட்டுல எத்தனை மிஷினு வச்சிருக்கீங்க?"

"ஒம்போது."

"அதுல எதுல தொவைக்கிறீங்க?"

சொந்தத் துணியை அவர் இன்னும் கையால்தான் துவைத்துக்கொண்டிருந்தார்.

"இத நான் தர மாட்டேண்ணே" என்றாள் நஜ்முன்னிசா. கோபமெல்லாம் போயிருந்தது. "பத்தாவதா அங்க போயிச் சும்மா நிக்குறதுக்கு, இங்கயே இருக்கட்டும். துணி காயலன்னா கொண்டாங்க, இவரும் பேச ஆளில்லாமத்தான் உக்காந்திருக்காரு. ஆனா உங்க துணிய மட்டும் கொண்டாங்க. இதெல்லாம் கரை நைஞ்சுபோச்சு. இன்னும் நாலு தடவ தண்ணியில போட்டீங்கன்னா ஒண்ணும் மிஞ்சாது."

"பாரத்துக்கு…" என்று ஆரம்பித்தார்.

"போதும்ணே. பாரம் போதும்."

இளையபெருமாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்தார். தருவதாகச் சொன்ன டப்பாவை இனி அவள் தர மாட்டாள் என்று நினைத்தார். அவள் உள்ளே போய், தணல்மேல் இருந்த தம்ரூட்டைச் சுடச்சுட டப்பாவில் போட்டு வந்து புடவை மூட்டைமேலேயே வைத்தாள். "அக்காவுக்குன்னு எடுத்து வச்சது. நீங்க சாப்புடுங்க" என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். சுங்குடியை மட்டும் வெளியே எடுத்துச் சட்டையோடு அணைத்துக்கொண்டார். சூடு இருந்தது. பெரம்பலூர் வருவதற்குள் மேல் மடிப்பு ஆறிவிட்டது. பஸ் மாறி உட்கார்ந்தபோது உள்மடிப்பில் விரலை விட்டுத் தேட வேண்டியிருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அவர் டப்பாவை எடுத்துச் சுங்குடிக்குள் வைத்துச் சுற்றினார். தம்ரூட்டின் சூடு எவர்சில்வரைத் தாண்டி மெதுவாகப் புடவைக்குள் ஏறியது.

அது டப்பாவின் சூடு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அரியலூர் வரைக்கும் கையை எடுக்கவில்லை.