எ லேய்

பாளையங்கோட்டை மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் நேசையா அண்ணாச்சிக்குப் போட்டிக்கடைகள் மூன்று உண்டு. அவற்றைப் பார்த்து அவர் வயிறு எரிந்ததே இல்லை. எரிந்ததெல்லாம் கடல் தாண்டி, இத்தாலியில் இருந்த சம்பந்தி ரென்சோவை நினைத்துத்தான்.

ஒரே மகன் ஜெனோ அங்கே வேலைக்குப் போய், கியாரா என்ற பெண்ணைக் கட்டி மூன்று வருஷம். மூன்று கிறிஸ்துமஸும் மாமனார் வீட்டில். கடையில் ஒரு அண்டாவை நகர்த்தச் சொன்னால் இடுப்பு பிடித்துக்கொள்கிற பயல், அங்கே தோட்டத்தில் தக்காளிக் கூடை சுமக்கிற படத்தை அனுப்பினான். அதைக்கூட அண்ணாச்சி பொறுத்தார். ரென்சோவை அவன் ‘பப்பா’ என்று கூப்பிட்டதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. மாமனாரை மாமா என்றல்லவா கூப்பிட வேண்டும் என்று கேட்டும் பார்த்தார்.

“இங்க மாமான்னா அம்மான்னு அர்த்தம்ப்பா. மீசை வச்ச மனுசனை எப்படி அம்மான்னு கூப்பிடுதது?” என்றான் ஜெனோ.

நியாயமான பதில்தான். நியாயத்தால் எந்த வயிற்றெரிச்சல் அணைந்திருக்கிறது?

இந்த வருஷக் கிறிஸ்துமஸுக்காவது மகன் வீட்டுக்கு வர வேண்டும். சரக்கு எவன் கையில் இருக்கிறதோ அவனிடம் பேசுவதுதான் வியாபாரம். ஆகவே சம்பந்தியிடம் அவர் பாஷையிலேயே கேட்டுவிடத் துணிந்து, டிபன் கேரியர் அடுக்கில் போனைச் சாய்த்துவைத்து, வீடியோவில் இத்தாலியன் படிக்க உட்கார்ந்தார். அங்கே குடியேறிய ஒரு தமிழ்ப் பெண் பாடம் நடத்தினாள். ஒரு பாடத்தில் அவள் காய்கறிக்கடைக்குப் போய், ‘குவாந்தோ கோஸ்தா’ என்று விலை கேட்டு, கடைக்காரன் சொன்னதை அப்படியே கொடுத்து, ‘கிராத்சியே’ என்று நன்றியும் சொல்லி வந்தாள். இவளிடம் பாஷை படிக்கலாம், சந்தைக்கு அனுப்ப முடியாது என்று அண்ணாச்சி முடிவு கட்டினார்.

அடுத்த பாடத்தில்தான் புதையல் கிடைத்தது. யாராவது நலம் விசாரித்தால், ‘பேனே, கிராத்சியே’, அதாவது நலம், நன்றி என்று சொல்லிவிட்டு, எதிராளி பெரியவராக இருந்தால் மரியாதையாக ‘எ லேய்?’ என்று திருப்பிக் கேட்க வேண்டுமாம். தாங்கள் எப்படி என்று பொருளாம்.

அண்ணாச்சி மூன்று தடவை ஓடவிட்டுக் கேட்டார். கடைக்குள் தலை நீட்டுகிற ஆட்டைத் துரத்தக்கூட அவர் ‘ஏலேய்’ என்றுதான் சொல்வார். சம்பந்தியை முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடலாம், அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு ஏற்றுக்கொள்வார் என்றால், இப்படியொரு லாபம் எந்தச் சரக்கில் உண்டு?

அவர் வீட்டில் பழகுவதைக் கேட்டு மனைவி சாலோமி தலையில் அடித்துக்கொண்டாள். “சம்பந்தக்காரரை ஏலேங்கதுக்கா இம்புட்டுப் பாடு?”

“மரியாதைடி. பாடத்துல இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து வீடியோ காலில் உட்கார்ந்தார்கள். ஜெனோ போனை மாமனார் முன்னால் வைத்துவிட்டுக் காப்பி போட உள்ளே போனான். ரென்சோ, “கோமே ஸ்தா?” என்று நலம் விசாரித்தார். அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். “பேனே, கிராத்சியே,” என்றார். பிறகு மூன்று வருஷத்து எரிச்சலையும் ஒன்றாகத் திரட்டி, “ஏலேய்?” என்றார்.

“என்னப்பா?”

காப்பிக் கரண்டியோடு ஓடி வந்து நின்றான் ஜெனோ. நடக்கப் பழகிய நாள் முதல் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பழகிய கழுத்து. ரென்சோவோ நெஞ்சில் கைவைத்து, “பேனே, பேனே” என்று உருகிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திச் சிரித்த தாயைப் பார்த்ததும் ஜெனோவுக்கு விளங்கிவிட்டது.

“நீங்க எந்த லேய் சொன்னியன்னு எனக்குத் தெரியும்ப்பா,” என்றான், சிரிப்பை அடக்கமாட்டாமல்.

ரென்சோவுக்கு விளங்கவில்லை. அதுவே அண்ணாச்சிக்குத் தேனாக இனித்தது. மனப்பாடம் செய்த மிச்ச இத்தாலியன் எல்லாம் மறந்துபோயிற்று. “கிறிஸ்துமஸுக்கு வாரியாலே?” என்று மகனிடமே கேட்டுவிட்டார்.

ஜெனோ தணிந்த குரலில் சொன்னான். கியாராவின் அம்மா இறந்தபிறகு ரென்சோ தனிக்கட்டை. பண்டிகை நாளில் அவரை ஒற்றையில் விட மனசு வராமல்தான் இத்தனை வருஷமும் வரவில்லை. அவரையும் கூட்டிவரலாம் என்றால் இன்றைக்கே டிக்கெட் எடுத்துவிடுவான்.

“நீயும் கியாரா பிள்ளையும் இப்ப வாங்க. அவரு அடுத்த வருசம் பைய வரட்டுமே,” என்று அண்ணாச்சி விலை குறைத்துப் பார்த்தார்.

“மூணு பேருன்னா வாரோம். இல்லன்னா இல்லப்பா.”

கட்டுப்படி ஆகாது என்று பில் புத்தகத்தை மூடுகிற கடைக்காரன் குரல். அது எந்தக் கடையில் கற்றது என்று அண்ணாச்சிக்குத் தெரியும். கொசுறு கேட்டு அடம்பிடிக்கிற வாடிக்கையாளரை அவர் பார்த்திருக்கிறார். வேண்டாத கொசுறைத் தலையில் கட்டிவிடுகிற வியாபாரியை இன்றுதான் பார்க்கிறார்.

“சரி, வரச் சொல்லு,” என்றார். ரென்சோ அங்கே கையை ஆட்டிக்கொண்டிருந்தார். “ஆனா ஒண்ணு. கோயில்ல அவரு உன் பக்கத்துல உக்காரப்படாது. நடுவுல நான் இருப்பேன்.”