காலிப் பெட்டிக்கு முன்னால் நின்ற பிச்சம்மாள்

கொளுத்திய சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். தாராவிப் பிள்ளையார் அறிய, இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்று எவராவது காட்டிவிட்டால், என் வாயில் மிச்சமிருக்கும் பற்களை அவர் விருப்பம்போல் பிடுங்கிக்கொள்ளலாம். கடைவாய்ப் பல் ஒன்று இன்னும் நன்றாகவே இருக்கிறது. என் பெண்டாட்டி பூமாரியும் இதற்குச் சாட்சி. கேட்டால் தலையை ஆட்டுவாள். எந்தப் பக்கமாக ஆட்டுகிறாள் என்று உற்றுப் பார்க்க வேண்டாம்.

நல்ல கல்யாண ஃபோட்டோகிராபருக்கு என்ன வேண்டும் என்று இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள். பெரிய கேமரா வேண்டுமாம், வெளிச்சம் பார்க்கத் தெரிய வேண்டுமாம், சிரிக்க வைக்கத் தெரிய வேண்டுமாம். இவர்கள் யாரும் சலாவுதீன் பாயைப் பார்த்ததில்லை.

பாய் மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் ஒரு தோல் மண்டிக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவில் அவருடைய ஸ்டூடியோ இருந்தது. உள்ளே போகிறவர் ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்தால் நுழைய முடியாது. கப்பல்காரன் ஒருவனிடம் வாங்கிய ஃபிளாஷ் ஒன்று வைத்திருந்தார். அதற்கான பேட்டரிப் பெட்டி தோளில் தொங்கும். தாராவியில் அதை அடித்தால் சயானில் சேவல் கூவும். மாட்டுங்காவில் ஒரு மொட்டை மாடிக் கல்யாணத்தில் அடித்தபோது, ஸ்டேஷனில் நின்ற லோக்கல் ரயில் சிக்னல் விழுந்துவிட்டதென்று நினைத்துக் கிளம்பிவிட்டது. அந்தக் கல்யாணத்துக்கு வந்த புரோகிதர் இறங்குவதற்குள் ரயில் போய்விட்டதால், அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தோடு நடந்து வந்து தாலி எடுத்துக் கொடுத்தார்.

ஆனால் பாயின் பெருமை ஃபிளாஷில் இல்லை. அவரிடம் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்றில் ஃபிலிம் இருக்கும். மற்றது காலி.

சீனாக்காரனோடு சண்டை நடந்து முடிந்த மறுவருஷம் அது. ஃபிலிம் கிடைப்பதே அபூர்வம். ஒரு சுருளில் பன்னிரண்டு படம்தான் வரும். கல்யாணத்துக்கு வந்தவர்களோ அத்தனை பேரும் மாப்பிள்ளை பெண்ணோடு நின்று ஒரு படம் என்பார்கள். மாட்டேன் என்றால் பந்தலில் சண்டை. அதனால் பாய், தாலி கட்டுவதையும் பெற்றவர்களையும் ஃபிலிம் பெட்டியில் எடுப்பார். ஒன்றுவிட்ட சித்தப்பாக்களையும், கூப்பிடாமல் வந்த பங்காளிகளையும் காலிப் பெட்டியில் நிறுத்தி, "தலைய நிமித்துங்க, ஆ, அப்படித்தான்" என்று ஃபிளாஷ் அடிப்பார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் அவர்களும் மனம் குளிர்ந்து பந்திக்குப் போய்விடுவார்கள். பாய் இதற்கு வைத்திருந்த பெயர் தர்ம வெளிச்சம். பம்பாயில் தமிழ்க் கல்யாணங்கள் கைகலப்பு இல்லாமல் நடந்தது அதனால்தான்.

அந்த வருஷம் தை மாதம் எனக்கும் பூமாரிக்கும் கல்யாணம். என் பெரியப்பா வானமாமலையை நிறுத்தி, "மூச்சப் புடிச்சுக்கிடுங்க" என்று பாய் சொன்னார். அதற்குள் பெண் வீட்டார் கூப்பிட, அந்தப் பக்கம் போய்விட்டார். பெரியப்பா சொன்ன சொல் மாறாதவர். முதல் பந்தி எழுந்து, இரண்டாம் பந்தியில் பாயசம் வரும்வரை மூச்சைப் பிடித்தபடியே நின்றார். கடைசியில் அவர் விட்ட மூச்சில் எதிர் வரிசை இலைகள் எல்லாம் பறந்து சாக்கடையில் விழுந்தன. அவரை எடுத்ததும் காலிப் பெட்டியில்தான்.

பூமாரிக்கு அப்பா இல்லை. அம்மா பிச்சம்மாள் தாராவி லேபர் கேம்ப்பில் முறுக்கு சுட்டு விற்று அவளை வளர்த்தவர். தாலி அறுத்தவர் என்பதால் மணவறைப் பக்கமே வரவில்லை. பந்தலுக்குப் பின்னால், சாக்குத் திரைக்கு அந்தப்புறம் அடுப்படியில் நின்றுகொண்டார். பூமாரி மாலையும் கழுத்துமாக பாயைக் கூப்பிட்டாள்.

"பாய், எங்கம்மாவ ஒரு படம் எடுத்துத் தாங்க. இந்த ஒண்ணுதான் நான் கேக்கேன்."

பாய் இரண்டு கேமராவையும் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார். ஃபிளாஷ் அடித்தது. திரைக்கு மேலே வெளிச்சம் வந்ததை நானும் பார்த்தேன். பூமாரி அப்போதுதான் முதல்முறையாக அன்றைக்குச் சிரித்தாள்.

திரைக்குப் பின்னால் நடந்தது என்ன என்பதைப் பாய் என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து. பிச்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்:

"பாய், ஒம்மகிட்ட வெறும் பெட்டி ஒண்ணு இருக்காமே?"

பாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரு ஆச்சி சொன்னா ஒங்களுக்கு?"

"வீடு வீடா முறுக்கு விக்கவளுக்குத் தெரியாத சங்கதியா? அந்தப் பெட்டிய வச்சு என்னைய ஒரு அடி அடிச்சிரும். படம் எடுத்தா ஆயுசு கொறையும்வே. எங்க வீட்டுக்காரரு மில்லு கேட்டுல காட்டுத பாஸுக்குன்னு படம் எடுத்தாரு. பாஸு வந்துச்சு, அவரு இல்ல. எனக்கு எம்மவ வயித்துல ஒண்ணு பொறந்து அது மொகத்தப் பாக்கணும். அதுவரைக்கும் இருந்தாகணும்லா."

"பூமாரி கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"அவளுக்கு வெளிச்சம் தெரிஞ்சாப் போதும். மனசு குளுந்துரும்."

பாய் காலிப் பெட்டியை எடுத்தார். கேமராக் கண்ணாடியில் பார்த்தார். அடித்தார்.

கல்யாணம் முடிந்து பன்னிரண்டு படங்களும் கைக்கு வந்தன. பூமாரி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். அம்மா ஒன்றிலும் இல்லை. ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், சாக்குத் திரைக்கு வெளியே கரண்டி பிடித்த கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா படம் எங்க?" என்றாள்.

"அது வேற சுருளு தாயி. அதுல இன்னும் இடம் கெடக்கு. முடிஞ்சாத்தான் கழுவ முடியும்" என்றார் பாய்.

நம்பும்படியான பதில்தான். பூமாரி காத்திருந்தாள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. அவள் உண்டானாள். பிச்சம்மாள் முறுக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஒற்றை அறைக்கு வந்துவிட்டுப் போவார். எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் முன்னால் வந்து நிற்க மாட்டார். நான் வீட்டில் இருந்தால் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவார். வளையல் இல்லாத ஒரு கை கதவைத் தாண்டி வந்து முறுக்கை வைத்துவிட்டு உள்ளே போய்விடும். அவர் குரல் எனக்குத் தெரியும், கை தெரியும். முகத்தை நான் நேருக்கு நேர் பார்த்ததே இல்லை.

ஆடி மழையில் பிச்சம்மாளுக்குக் காய்ச்சல் கண்டது. கண் மஞ்சளாயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்; அங்கேயும் என்னைக் கண்டால் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொள்வார். பூமாரிக்கு அப்போது ஐந்தாம் மாதம். "படம்தான் எடுக்கலையே, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பிச்சம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்த வார்த்தைக்கு அர்த்தம் யாருக்கும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்தபின் பூமாரி அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இங்கேருங்க. அம்மா குரலு வருது. மொகம் வர மாட்டேங்கு. கண்ண மூடினா கையும் கரண்டியுந்தான் வருது. ஒங்களுக்கு அவ மொகம் ஞாபகம் இருக்கா?"

"கதவுக்குப் பின்னாலதான இருப்பாங்க" என்றேன்.

"அப்ப அந்தப் படத்தையாவது வாங்கியாங்க."

நான் அப்போது டிராம்பேயில் குழாய் பதிக்கும் கான்ட்ராக்டில் இருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஸ்டூடியோவுக்குப் போவேன். "கழுவிட்டேன், காயலை" என்பார் பாய். மழைக்காலம், பம்பாயில் கட்டின வேட்டியே காயாது. பூமாரி அதையும் நம்பினாள். அந்த வருஷ மழை எப்படிப்பட்டதென்றால், எங்கள் அறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் முருகனின் மயிலுக்குத் தோகை ஈரமாகி, அது இரண்டு நாள் விரிக்கவே இல்லை.

பூமாரி சாப்பாட்டைக் குறைத்துவிட்டாள். பகலெல்லாம் கண்ணை மூடி மூடிப் பார்ப்பாள். முகம் வராது. பக்கத்து அறை நாகலக்ஷ்மி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்படியே போனா தாய்க்கும் ஆவாது, புள்ளைக்கும் ஆவாது. அந்தப் பாயி சட்டையப் புடிச்சாவது படத்த வாங்கியாரும்" என்றாள். நான் போய் உண்மையிலேயே சட்டையைப் பிடித்தேன். அப்போதுதான் பாய் கதையை எல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு காலிப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை. அத்தனை இருட்டான ஒன்றுமில்லாமையை நான் எங்கும் பார்த்ததில்லை.

"நான் அந்தம்மாவுக்குக் குடுத்த வாக்க காப்பாத்தினேன் இசக்கிமுத்து. இப்ப மவளுக்கு என்னத்தக் குடுப்பேன்?" என்றார்.

வீட்டுக்கு வந்து பூமாரியிடம், "காயலையாம்" என்றேன்.

மறுநாள் நான் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்பே அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு நடந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"பாய், ஈரமா இருந்தாலும் பரவால்ல. தாங்க. நான் அடுப்புல காட்டிக் காயவச்சுக்கிடுதேன்."

பாய் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். மில் பாஸ் கதை, வெறும் பெட்டி, பேரப்பிள்ளை முகம், எல்லாம்.

பூமாரி என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கும் தெரியுமா?"

பொய் சொல்ல வராமல் நான் நின்ற ஒரே இடம் அது.

"எங்கம்மா, இந்த பாய், நீங்க. மூணு பேரும் சேந்து எனக்கு வெறும் வெளிச்சத்தக் காட்டிருக்கிய" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி நடக்கப் போனவளை பாய் கூப்பிட்டார்.

"தாயி, பெட்டியிலதான் ஒண்ணுமில்ல. ஒங்கம்மாவ நான் கண்ணாடியில பாத்தேன்லா? மருமவன் பாக்கல, ஒனக்கு மறந்துபோச்சு. நான் பாத்தேன். எனக்கு மறக்கல. வா, வந்து இதுல ஒக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கோபத்தில்தான் உட்கார்ந்தாள்.

பாய் ஒரு வெள்ளைத் துணியை அவள் தலையில் முக்காடு மாதிரி இழுத்துவிட்டார். பொட்டைத் துடைக்கச் சொன்னார். ஆறேழு மாதத்துக்கு முன் அடுப்படிப் புகைக்கு நடுவே பார்த்த ஒரு முகத்தை ஞாபகம் வைத்து, அங்குலம் அங்குலமாக இவள் முகத்தைத் திருப்பினார்.

"நாடிய எறக்கு. இன்னும் கொஞ்சம். கண்ணு என்னையப் பாக்கக் கூடாது, என் தோளுக்கு அந்தப்பக்கம் சோறு வேகுதான்னு பாக்கணும். ஒங்கம்மா அப்படித்தான் பாத்தாங்க. ஒதட்ட இறுக்காத தாயி. அவுங்க சிரிப்ப அடக்கிட்டு நின்னாங்க."

"என்ன சிரிப்பு?"

"ஊரையே ஏமாத்துத சிரிப்பு. பெட்டி காலின்னு அவுங்களுக்கும் எனக்கும்தான தெரியும்."

பூமாரியின் வாயோரம் லேசாக அசைந்தது. அவள் நினைத்துச் செய்யவில்லை. பாய் அந்த நேரத்தில் அடித்தார், ஃபிலிம் இருந்த பெட்டியில். சயானில் சேவல் கூவியது.

பிறகு ஒரு வாரம் கடையைச் சாத்திக்கொண்டு நெகட்டிவோடு உட்கார்ந்தார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் படத்தில் வெளுக்கும், கத்தி சுரண்டிய இடம் கறுக்கும். பென்சிலால் தலைமயிரை நரைக்க வைத்தார். கத்தி முனையால் நெற்றியிலும் கண்ணோரத்திலும் கோடு இழுத்தார். தாராவிப் பெண்களுக்கெல்லாம் வயதைக் குறைத்தே பழகிய பென்சில் அது. வயதைக் கூட்டச் சொன்னதும் இரண்டு தடவை முனை ஒடிந்துகொண்டு மறுத்தது.

படத்தைக் கையில் வாங்கிய பூமாரி அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அம்மாதான்" என்றாள். பிறகு, "கன்னத்துல மச்சம் இருக்கே. அது எனக்குல்லா உள்ளது. அம்மாவுக்குக் கெடையாதே" என்றாள்.

பாய் பதறிப்போனார். "இந்தா, ஒரு நிமிசத்துல எடுத்துருதேன் தாயி. கவனிக்கல."

"வேண்டாம். இருக்கட்டும்."

அன்றைக்கு அவள் சாப்பிட்டாள். கார்த்திகையில் பெண் பிறந்தது. தொட்டிலுக்கு மேலே அந்தப் படத்தை மாட்டினோம். பிள்ளை அதைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தது, அடக்கிக்கொண்டு சிரித்தது. இன்றும் ஆடி மாதம் திதியன்று பூமாரி படத்தைத் துடைத்து, இலைக்கு முன்னால் வைத்து, சிறிய தட்டில் முறுக்கும் வைக்கிறாள்.

எங்கள் கல்யாணத்துக்குப் படம் எடுக்க நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வருகிறவர் இனி வரலாம்.