பன்னிக்குக் கட்டின பட்டு

சம்பளமில்லாமல் ஆமை முட்டைக்குக் காவல் இருக்க மகள் வளர்மதி ஆஸ்திரேலியா போனதில் வள்ளியம்மாளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை. செஞ்சிக்கோட்டை அடிவாரத்தில், மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே அவள் களை வெட்டிக்கொண்டிருந்தபோது வளர்மதி வீடியோ காலில் வந்தாள்.

"அம்மா, காட்டுப்பன்னி மணலைத் தோண்டி முட்டையெல்லாம் தின்னுடுது. நம்ம கொல்லையைச் சுத்திக் கட்டற மாதிரியே இங்கயும் புடவை கட்டிட்டேன்."

கடற்கரையில் குச்சிகளுக்கு நடுவே காற்றில் ஆடிய புடவையை வள்ளியம்மாள் உற்றுப் பார்த்தாள். நல்ல நாளில் கட்டிக்கொள்ளச் சொல்லி, அவளே பெட்டியில் வைத்து அனுப்பிய அரக்குப் பட்டு.

வசவு வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கண் அதற்குள் புடவையின் அடி ஓரத்துக்குப் போயிருந்தது.

"இன்னாடி கட்டியிருக்கிற? கீழ இவ்ளோ சந்து உட்டா பன்னி பூந்துடாது? நல்லா எறக்கிக் கட்டு."