மைனஸ் பதினெட்டில் ஓர் இடம்

காலையில் இடதுபக்க ஸ்பீக்கருக்கான கிட்டாரை வாசித்துப் பதிவு செய்து முடித்தேன். வாசித்தவன் எழுந்து சமையலறைக்குப் போய்க் காபி கேட்டான். நான் வலதுபக்கத்துக்கு வாசிக்க உட்கார்ந்தேன்.

வீட்டில் கிட்டார் பதிவு செய்தால், வாசித்தவன் வீட்டிலேயே தங்கிவிடுவான். பெரிய ஸ்டுடியோக்களில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே வாட்ச்மேன் இருக்கிறார்.

என் பாட்டுக்குச் சுவர் மாதிரி ஒரு சத்தம் வேண்டியிருந்தது. அதற்கு ஒரே பகுதியை நான்கு முறை வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். ஒரு முறை வாசித்து நகலெடுத்து ஒட்டுவது ஏமாற்று. சத்தம் கூடுமே தவிர விரியாது. போன மாதம் அப்படிச் செய்து பார்த்தேன். ஒரே ஜோடிச் செருப்பில் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

மதியத்துக்குள் நான்கு பேர் ஆகிவிட்டார்கள். நாலு பேருக்கும் என் முகம். ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷன் பெடல் வழியாக வந்தவர்கள் என்பதால் குரல் மட்டும் ஓட்டை சைலன்சர். முதலாமவன் எதிலும் ஒரு நொடி முந்துவான். இரண்டாமவன் ஒரு நொடி பிந்துவான். மூன்றாமவனுக்குப் பல்லவியில் ஓரிடத்தில் விரல் வழுக்கும். நான்காமவன் தப்பே செய்யவில்லை. அவனை யாருக்கும் பிடிக்கவில்லை.

என் மனைவி தாரணி நான்கு டம்ளர் காபியோடு வந்தாள். என்னைப் பார்த்தாள்.

"நீங்க எத்தனாவதுங்க?"

"நாந்தான் அம்மிணி வாசிச்சவன்."

"எல்லாருமே அதையேதான் சொல்றாங்க."

இரண்டரை மணிக்கு ஒலி மட்ட அலுவலகத்திலிருந்து எழுத்தர் வந்தார். சட்டைப் பையில் சின்னச் சிவப்பு விளக்கு. யாராவது சத்தமாகப் பேசினால் எரிந்தது.

"ஒரு ஆளு ஒரு வீட்ல நாலு பேரு வரைக்குந்தான் இருக்கோணும். இங்க அஞ்சு இருக்குதுங்க" என்றார். படிவத்தை நீட்டினார். பெயர், பக்கம், சத்தத்தின் அளவு. நான்கு வரிகள். "நாலு மணிக்கு முத்திரை வெப்பனுங்க. பேரில்லாதவரு மியூட்."

"மியூட் பண்ணினா வலிக்குங்களா?"

"இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க."

நான் பேனாவைத் தேடுவதற்குள் நான்கு வரிகளும் நிரம்பிவிட்டன. முதலாமவன் எழுத்தர் வருமுன்பே எழுதியிருந்தான்.

"இது என் வீடுங்க" என்றேன்.

"கரகரப்பு இருக்குதுங்களா?"

"இல்லீங்க. நான் பெடலுக்கு முன்னாடி இருக்கறவன். சுத்தமான ஒலி."

"சுத்தமான ஆளுக்கு வேற படிவம். அதை இன்னும் அச்சடிக்கலீங்க."

மூன்றாமவன் என் தோளில் கை வைத்தான். "வேற ஏதாச்சும் வீட்ல பாருங்களேன்" என்றான், அக்கறையாக.

நான் பயப்படவில்லை. எங்கள் குடும்பம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் தரகு பார்த்த குடும்பம். அங்கே விலையை வாயால் பேச மாட்டார்கள். ஒரு துண்டைப் போர்த்தி, அதற்குள் கையை விட்டு, விரலை அழுத்திப் பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் தெரியாது. ஒருமுறை அழுத்திய விரலைத் திரும்ப எடுக்க முடியாது, கூட்டாளி அழுத்தினாலும். எடுத்தவனுக்கு அந்தச் சந்தையில் டீகூடக் கிடைக்காது.

ஆம்ப்ளிஃபையர்மேல் கிடந்த துண்டை எடுத்தேன். "எனக்கு ஒரு இடம் வேணும். சின்னதா இருந்தாலும் சரி. எத்தனை டெசிபல் குடுப்பீங்க?"

முதலாமவன் கையை விட்டான். மூன்று விரலை அழுத்தினான். மைனஸ் முப்பது. மைனஸ் ஏற ஏறச் சத்தம் இறங்கும். அந்தச் சத்தத்தில் கொசு கூட வாழாது.

எழுந்து நடந்தேன். எங்கள் பேர முறை அது. மூன்றாவது எட்டில் கூப்பிட்டுவிடுவார்கள். ஆனால் அவனும் எங்கள் குடும்பம். எதிர்ப்பக்கமாக எழுந்து நடந்தான். காலையில் எதிரொலி தரும் ரிவெர்ப்பைக் கொஞ்சம் கூட்டியிருந்ததால் வீட்டு நடை நீண்டு கிடந்தது. கடைசிவரை போக இருபது நிமிடம் ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வர இன்னும் இருபது நிமிடம். அவனும் வந்து சேர்ந்தான்.

"கால் வலிக்குதா?" என்றான்.

"உனக்கு?"

"ரொம்ப."

மூன்று மணி இருபது நிமிடம். இந்த முறை ஐந்து பேரும் துண்டுக்குள் கையை விட்டோம். உள்ளே இருபத்தாறு விரல்கள் இருந்தன. பேரத்தின் நடுவில் அதையெல்லாம் கேட்கக் கூடாது.

நான் அழுத்துவதற்கு முன்பே முதலாமவன் மறுத்தான். இரண்டாமவன் என் போன கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நான்காமவன் ஒவ்வொரு முறையும் பிசகாமல் மைனஸ் இருபத்தைந்து. மூன்றாமவன் மட்டும் பேசவே இல்லை. அவனுக்காகக் காத்திருந்தேன். மூன்று மணி ஐம்பதுக்கு அவன் மைனஸ் இருபது என்று அழுத்த வந்தான். பல்லவியில் வழுக்கிய அதே விரல். வழுக்கிப் பதினெட்டில் நின்றது.

"முடிஞ்சுது!" என்று துண்டை உருவினேன்.

"வழுக்கீருச்சு" என்றான் மூன்றாமவன்.

"சந்தையில போயி அதைச் சொல்லு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் ரத்தம்.

எழுத்தர் படிவத்தைப் பார்த்தார். "வரி இல்லீங்களே."

"மைனஸ் பதினெட்டுக்கு எதுக்குங்க தனி வரி? ரெண்டு வரிக்கு நடுவுல பொடிசா எழுதுங்க."

எழுதினார். "கண்ணுக்குத் தெரியலீங்க."

"காதுக்கும் கேக்காது. பொருத்தமாத்தானே இருக்குது?"

அவர் திருப்தி அடையவில்லை. சோதனை வேண்டும் என்றார். ஐந்து பேரும் வாசித்தோம். கூடத்தின் நடுவில் சுவர் எழுந்தது. தாரணி அதில் ஓர் ஆணி அடித்துக் காலண்டரை மாட்டினாள். ரொம்ப நாளாக இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

"அஞ்சாவது ஆளு கேக்கவே இல்லீங்களே" என்றார் எழுத்தர். "இவரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்னை மியூட் செய்தார்.

அதன்பின் நடந்தது எனக்குத் தெரியாது. நான்காமவன் சொன்னதால் நம்புகிறேன். சுவர் அப்படியே நின்றதாம். காலண்டர் மட்டும் விழுந்ததாம். தாரணி அதை எடுத்து மாட்டினாளாம். மறுபடி விழுந்ததாம்.

"ஏனுங்க, என்னமோ கொறையுதுங்க" என்றாளாம்.

"நாலு பேரும் வாசிக்கறாங்களேம்மா" என்றாராம் எழுத்தர்.

"அது கேக்குதுங்க. என்னமோ கொறையுது. எடுத்தவரைத் திரும்பப் போட்டுருங்க."

நான் திரும்பி வந்தபோது முத்திரை காய்ந்துகொண்டிருந்தது. காலண்டர் சுவரில் இருந்தது. தட்டில் ஐந்தாவதாக ஒரு டம்ளர். தாரணி என் மைனஸ் பதினெட்டுக்குத் தகுந்த மாதிரி ஊற்றியிருந்தாள். ஒரு மடக்கு.

இரண்டு மடக்கு கேட்டேன். அவள் முந்தானையை எங்கள் இருவர் கைமேலும் போர்த்தினாள். ஒன்றரைக்கு முடிந்தது.