பெரிய பாதி

என் புருஷன் பெரியதம்பிக்கு எழுபது வயது. உடம்பில் ஒரு கோளாறும் கிடையாது. அதைக் கூட்டேரிப்பட்டு டீக்கடையில் ஒருத்தரையும் விடாமல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். எனக்கு அறுபத்து நாலு. மூன்று வருஷமாகக் காலையில் எழுந்தால் யாரோ ஈரச்சாக்கைப் போர்த்திவிட்ட மாதிரி உடம்பு கனக்கும். முகம் வீங்கும், முடி கொத்தாகக் கொட்டும், சித்திரை வெயிலில்கூடப் பாதம் சில்லென்று இருக்கும்.

"வேற ஒண்ணுமில்ல, சோம்பேறித்தனம்" என்பார் அவர். சம்பந்தியிடம் சொல்வார், பால் ஊற்றும் இடத்தில் சொல்வார், எங்கள் கொல்லியில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பறிக்க வந்த பெண்களிடமும் சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கே அது உண்மைதானோ என்று ஆகிவிட்டது. இப்போது நினைத்தாலும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

போன ஐப்பசியில் திண்டிவனத்தில் ஓர் ஆராய்ச்சி முகாம் போட்டார்கள். அறுபது தாண்டியவர்களுக்குத் தைராய்டு எப்படி இருக்கிறது, நோய் எதிர்ப்புச் சக்தி எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. விழுப்புரத்திலிருந்து டாக்டர் சமீரா ஆட்களோடு வந்திருந்தார். வீடு வீடாக வந்து ஆள் சேர்த்த அன்புச்செல்வி என்ற பெண் எங்கள் இரண்டு பேர் பெயரையும் எழுதிக்கொண்டாள். எனக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. என் ரத்தத்தில் ஏதாவது இருக்க வேண்டும். இது சோம்பல் இல்லை என்று படித்தவர் ஒருத்தர் சொல்லி, என் புருஷன் அதை நம்ப வேண்டும்.

இருந்தது. ரத்தம் எடுத்து ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். டாக்டர் சமீரா கோட்டக்குப்பத்துப் பெண், பொறுமையாகவே சொன்னார். "அம்மா, கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்குது. உடம்புக்கு வேகம் குடுக்கிறது அதுதான். கிருமிய அடிக்க வேண்டிய உங்க எதிர்ப்புச் சக்தி, தப்பா அந்தச் சுரப்பியப் போட்டு அடிச்சிக்கினு இருக்குது."

வளர்த்த நாயே வீட்டாளைக் கடிக்கிற கதை என்று புரிந்துகொண்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நோய் இருக்கிறது என்றதும் சந்தோஷப்பட்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கேட்டாரா என்று திரும்பிப் பார்த்தால் என் புருஷன் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்குப் பிஸ்கட் தருகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

எனக்கு ஒரு டப்பா மாத்திரை கொடுத்தார்கள். விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, அதற்குப்பின் ஒரு மணி நேரத்துக்குக் காபி கூடாது. மாத்திரை சாப்பிட்டால் சளி, காய்ச்சல் வருவது குறைகிறதா என்று பார்ப்பார்களாம். வந்தால் குறித்துவைக்க ஆளுக்கொரு நோட்டு. என் புருஷன் நன்றாக இருக்கிறவர்கள் கூட்டத்தில் சேர்ந்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அவர் ரத்தம் கொடுத்து நோட்டு எழுதினால் போதும், மாத்திரை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே ஊசிதான் குத்துனாங்க. உனக்கு டப்பா நெறைய மாத்திர, எனக்கு ரெண்டு பிஸ்கட்டா?"

"உங்களுக்குத்தான் ஒண்ணுமில்லயே."

"ஒண்ணுமில்லாதவன்னா எளக்காரமா?"

மூன்று நாள் வீட்டில் கை நனைக்கவில்லை. டீக்கடையில் போண்டா தின்றது எனக்குத் தெரியும், ஆனாலும் மனசு கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எது வந்தாலும் இரண்டாக்கிப் பெரிய பாதியை அவருக்குக் கொடுப்பது நாற்பத்து மூன்று வருஷப் பழக்கம். மாங்காயோ வறுத்த கருவாடோ அப்படித்தான். நாலாம் நாள் விடியற்காலையில் பாக்குவெட்டியை எடுத்தேன். மாத்திரையை நடுவில் வைத்து ஒரே அழுத்து. பெரிய பாதி அவருக்குப் போனது. மிச்சம் தூளாகிப்போனது, அதை நான் உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம், "கொல்லிக்குப் போற ஆம்பளைக்கு அரை எப்படிக் காணும்?" என்று முழு மாத்திரையை வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த வாரம் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. "உனக்கு எதுக்கு? நீ வீட்டுலதான குந்திக்கினு கீற" என்றார். நானும் கொடுத்தேன். டாக்டர் சொன்னதைக் கேட்டும்கூட, மாத்திரை நோயாளிக்குத்தான், நான் சோம்பேறிதானே என்ற நினைப்பு உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்கழி பிறந்ததும் மனுஷன் ஆளே மாறிவிட்டார். பொழுது விடிவதற்குள் வாய்க்கால் செதுக்கி, மாட்டுக் கொட்டாய்க்குச் சுண்ணாம்பு அடித்து, அது போதாமல் பக்கத்து வீட்டுச் சுவரிலும் பாதி அடித்துவிட்டு வந்தார். ஒரு சட்டி கேப்பைக் களியைத் தின்றுவிட்டு இன்னும் இருக்கிறதா என்றார். அவ்வளவு தின்றும் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. பேச ஆரம்பித்தால் மூச்சுவிட மாட்டார், எதிராளியையும் பேசவிட மாட்டார். "ஜல்தி, ஜல்தி" என்று மாட்டைக்கூட விரட்டினார். ஊரே பனியில் நடுங்கும்போது அவர் வேர்த்து விறுவிறுத்து ஃபேனை அஞ்சில் வைப்பார். நான் இரண்டு போர்வைக்குள் சுருண்டுகொண்டு அதை நிறுத்தச் சொல்வேன். அவருடைய ஆராய்ச்சி நோட்டில் இப்படி எழுதியிருந்தார்: "சளி இல்லை. சளி என்னைப் பார்த்தால் ஓடுகிறது." என் நோட்டில் மூன்று சளியும் ஒரு காய்ச்சலும் இருந்தன.

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துத் திண்டிவனத்துக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள்.

போனபோது டாக்டர் சமீரா சகாயராஜைத் திட்டிக்கொண்டிருந்தார். ரத்தம் எடுத்துக் குழாயில் பெயர் ஒட்டுகிற பையன் அவன், போன மாசம்தான் கல்யாணம் ஆனவன். "மாத்திர சாப்பிடுற அம்மாவுக்கு முன்னவிட மோசமா காட்டுது. ஒண்ணுமே சாப்பிடாத அய்யாவுக்குத் தைராய்டு எகிறிக்கினு கீது. ரெண்டு குழாயையும் மாத்தி ஒட்டிட்டு இல்லன்னு சாதிக்கிறீங்களா? நாளையிலேருந்து நீங்க வர வேணாம்."

"இல்ல மேடம், பேரக் கேட்டுக் கேட்டுத்தான் ஒட்டுனேன்" என்றான்.

என் புருஷன் முழங்கையால் என்னை இடித்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். மூன்று வருஷமாகச் செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்கினவள் நான். அந்தப் பையன் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது?

"டாக்டரம்மா, அவரத் திட்டாதீங்க. நான்தான் மாத்திரைய இவருக்குக் குடுத்துட்டேன். மொதல்ல பாக்குவெட்டியில வெட்டி பாதி குடுத்தேன், அப்புறம் முழுசா."

அன்புச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. டாக்டர் எழுந்து வந்து என் புருஷன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "அய்யா, வயசு கொறஞ்சிடுச்சின்னு நெனச்சிக்கினு இருந்தீங்களா? நெஞ்சு தலைதெறிக்க ஓடுது. இன்னும் ரெண்டு மாசம் தின்னிருந்தா உசுருக்கே பேஜாராயிருக்கும்." என் புருஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அடுத்து டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குக் குடுத்த மருந்த ஏம்மா தாரவாத்தீங்க?"

"எனக்குச் சோம்பேறித்தனம்தான்னு..."

"யார் சொன்னது?"

நான் விரலை நீட்டினேன். டாக்டர் பத்து நிமிஷம் அவரை நிற்கவைத்து விளக்கினார். அது வியாதி, இந்த அம்மா எழுந்து நடமாடுவதே பெரிசு என்றார். சகாயராஜிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். எங்களை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிட்டு, எனக்கு மட்டும் புதுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் புருஷனுக்கு மருந்தை நிறுத்தியதும் கொஞ்ச நாள் அசதி இருக்கும், தானே சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னார்.

பஸ் ஏறியதும் என் புருஷன் வாயைத் திறந்தார். "சின்னப் பொண்ணு. பொஸ்தகத்தப் படிச்சிட்டுப் பேசுது." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாய்விட்டு அழத் தோன்றியது.

மாத்திரையை யாருக்கும் பங்கு வைக்காமல் தின்றேன். மூன்று வாரத்தில் பாதம் கொஞ்சம் சூடு கண்டது. ஒருநாள் மாடு கறந்து, களி கிண்டி இறக்கியும் அவர் பாயைவிட்டு எழவில்லை. மணி எட்டு. போய்ப் பார்த்தேன். கழுத்துவரை போர்த்திக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தார். முகம் உப்பியிருந்தது.

"இன்னா பண்ணுது?"

"கைய தூக்க முடியல. எழுந்து ஒண்ணுக்குப் போகணும், அதுக்கே அர மணி நேரமா ரோசன பண்ணிக்கினு கெடக்கறேன்." என் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டார். "உனக்கு இப்பிடித்தான் இருந்துதா?"

"ஆமா."

"மூணு வருசமா?"

"ஆமா."

"இத்த வெச்சிக்கினா ஆக்கிப் போட்ட?"

"மாடும் கறந்தேன். களையும் எடுத்தேன்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்து முடித்தும் துண்டை எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல."

"தெனமும் சொன்னேன்" என்றேன்.