கிளப் மேஜையின் நீளம்

புதிய உறுப்பினர் ஒருவர் சேரும்போதெல்லாம் அந்த கிளப்பின் தேநீர் மேஜை ஒரு முழம் வளர்ந்தது. ஒட்டுப்போட்ட மேஜை அல்ல, ஒரே பலகை. சேர விரும்புகிறவரை ஒரு மாலை தேநீருக்கு அழைப்பார்கள். அவர் மேஜையின் வாசல்பக்க முனையில் நின்றபடி குடிக்க வேண்டும். மேஜைக்குப் பிடித்துப்போனால் அந்த முனையில் முதலில் மரத்தின் ரேகைகள் நீளும், பின்னாலேயே பலகை நீளும், கடைசியாகச் சுவர் யாருக்கும் சிரமம் கொடுக்காமல் பின்வாங்கிக்கொள்ளும். அதனால் அங்கே ஓட்டெடுப்பு என்ற வழக்கமே இல்லை. உறுப்பினர் இறந்தாலும் மேஜை குறுகாது. அவர் நாற்காலிக்கு முன் வழக்கம்போல் தட்டில் ரஸ்கோடு கோப்பை வைப்பார்கள். விளக்குப் போடுவதற்குள் கோப்பை காலியாகிவிடும். பாதியில் நின்றால் சர்க்கரை போதவில்லை என்று பொருள், சமையல்காரர் இன்னொரு கரண்டி போட்டுக் கலக்கிவிட்டுப் போவார். இப்படியே தலைமுறைகள் போனதில், ஒரு கோடியில் சொன்ன வேடிக்கை மறுகோடிக்குப் போய், சிரிப்பு திரும்பி வருவதற்குள் சொன்னவர் அடுத்த கோப்பையைத் தொடங்கியிருப்பார்.

பல் டாக்டரம்மா அங்கே சேர ஆசைப்பட்டது தேநீருக்காக அல்ல. அவருடைய அண்ணனின் நாற்காலி அந்த மேஜையின் நடுவில் இருந்தது. அண்ணனின் சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல பல்லைப் பிடுங்கியவர் அவர்தான். தங்கச்சி கைராசிக்காரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அண்ணன் அன்றோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்தார். அவருடைய கோப்பை தினமும் காலியாகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து டாக்டரம்மாவுக்கு வீட்டில் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு தடவையாவது பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். ஆனால் பெண்கள் யாரும் அந்த கிளப்பின் வராந்தாவைத் தாண்டியதில்லை.

"சட்டத்துல இடமில்லையேம்மா," என்றார் தலைவர்.

"உங்க சட்டத்த யாரு சார் கேட்டா? மேஜையில இருக்கான்னு பாருங்க."

"அதுவும் நியாயம்தானே," என்றார் செயலாளர். அவர் வாயிலிருந்த பல்செட் டாக்டரம்மா கட்டிக்கொடுத்தது.

டாக்டரம்மா வாசல்பக்க முனையில் நின்று குடித்தார். எல்லோரும் குனிந்து அந்த முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேகை அசையவில்லை. கோப்பை காலியாயிற்று. தலைவர் கனைத்துக்கொண்டு, "மனசுல வெச்சுக்காதீங்க டாக்டரம்மா," என்று ஆரம்பித்தபோது நடுவில் கோப்பைகள் கலகலத்தன. மேஜை அங்கே வளர்ந்துகொண்டிருந்தது. பாறையைச் சுற்றி ஆற்றுநீர் பிரிவதுபோல் ரேகைகள் விலகி வழிவிட்டன. உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியோடு மெதுவாகத் தள்ளிப்போனார்கள். அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முழம் இடம் உண்டாயிற்று.

டாக்டரம்மா போய் அங்கே உட்கார்ந்தார்.

"அண்ணா, தப்பு என்னோடதுதான். அவசரப்பட்டுட்டேன்."

அண்ணனின் கோப்பை அசையவில்லை. அவர் தட்டிலிருந்த ரஸ்க்தான் இரண்டாக ஒடிந்தது. கெட்டியான பாதி தங்கையின் பக்கம் நகர்ந்து வந்தது.

"கடிக்க முடியலன்னா மட்டும் என் ஞாபகம் வருமே உனக்கு!" என்ற டாக்டரம்மா அழுதுகொண்டே சிரித்தார். அந்தச் சிரிப்பு இரண்டு கோடிகளுக்கும் போய்த் திரும்பி வந்தது.

மறுநாள் செயலாளர் ஆளை வரவழைத்து, வழக்கமாக வாசல்பக்க முனையில் துண்டு ஒட்டி நீட்டுகிற தரைவிரிப்பை இந்த முறை நடுவில் வெட்டி ஒட்டவைத்தார். சமையல்காரர் அன்றிலிருந்து அண்ணனின் ரஸ்கைத் தேநீரில் நனைத்தே வைத்தார்.